என் வருத்தத்துக்கு வந்த விளக்கங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் மருந்துக் குளிசை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். பார்க்க வருகிற சபையார் எல்லாரும் கதிரையில் உட்கார்ந்து, பிளேன்ரீயை ஒரு வாய் குடித்துவிட்டு, ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "எட்வின், இதுக்குள்ளால கடவுள் உமக்கு என்ன படிப்பிச்சவர்?" என்ன வருத்தம், எப்படி வந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் சந்தோஷமாகச் சொல்லுவேன். அதனால் எழுதி வைக்கிறேன். இனி வருகிறவர்களிடம் இதைக் கொடுத்துவிட்டு நான் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் எஞ்சின் பார்க்கிறவன் நான். பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் கரையோடு சேர்ப்பது எங்கள் படகின் வேலை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் உண்டு. என் மனைவி மனோ சம்பூரில் பிறந்தவள். சண்டையில் அவள் குடும்பம் இடம்பெயர்ந்து, கன காலத்துக்குப் பிறகு அவர்களுக்குத் திரும்பக் கிடைத்த வளவுக் காணியில் பற்றை வெட்டப் போனேன். மாரி மழை விட்டு இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. செருப்பு சேற்றில் புதைகிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நின்று வெட்டினேன். கணுக்காலில் முள் கிழித்தது. கிணற்றுத் தண்ணீரில் கழுவிவிட்டு மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுத் திரும்பினேன். இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

காய்ச்சலாகத்தான் தொடங்கியது. பின்னேரமானால் குளிர்ந்து நடுங்கும். விடிந்தால் வேர்த்து விட்டுவிடும். விட்ட நேரத்தில் வேலைக்குப் போனேன். வலது பக்க விலாவுக்குக் கீழே, சாப்பிட்டது செமிக்காமல் கிடப்பதுபோல ஒரு கனம் இருந்தது. "இது சும்மா காய்ச்சல் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று மனோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் எஞ்சின் அறையிலிருந்து மேலே ஏறுகிற ஏணியில் பாதியில் நின்றுவிட்டேன். ஏறவும் ஏலவில்லை, இறங்கவும் ஏலவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் தோளில் பிடித்துத் தூக்கினார்கள். கப்பல்களை இழுக்கிற படகில் அன்றைக்கு என்னை இழுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு நீள வாங்கில் உட்கார வைத்தார்கள். அந்த வாங்கில் இருமுகிறவர், அழுகிற குழந்தை, தொலைபேசியில் சத்தமாகக் கதைக்கிறவர் எல்லாரும் இருந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எல்லாரும் எழும்பினோம், திரும்பவும் இருந்தோம். டெங்கு இல்லை என்றார்கள். நெருப்புக்காய்ச்சல் இல்லை என்றார்கள். சீனி மட்டும் மிகக் கூடவாக இருக்கிறது என்று வாட்டில் கட்டில் தந்தார்கள். அதன் பிறகு ஸ்கேன். வயிற்றில் குளிர்ந்த களிம்பைப் பூசி, கையடக்கமான ஒரு கருவியை உருட்டி, உள்ளே இருப்பதைத் திரையில் பார்ப்பது. நோவில்லை. ஆனால் பார்க்கிறவர் கதைப்பதை நிறுத்திவிட்டால் பயமாக இருக்கும். அவர் நிறுத்திவிட்டார்.

அன்று மத்தியானம் டொக்டர் வந்தார். இளம் சிங்களப் பிள்ளை. தமிழ் படித்திருந்தார், ஆனால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கதைப்பார்.

"ஐயா, ஈரல்ல மூணு நாலு இடத்துல குழி மாதிரி இருக்கு. சீழா இருக்கலாம். டிபியா இருக்கலாம். வேற இடத்துல இருந்து வந்த கான்சரும் இப்பிடித் தெரியும். இப்ப சொல்ல ஏலாது. ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்க்கணும்."

இரத்தத்தை வளர்ப்பது என்றால், அதை ஒரு சத்துத் திரவப் போத்தலில் விட்டு, சூடான பெட்டிக்குள் வைத்து, ஏதாவது கிருமி பெருகுகிறதா என்று பார்ப்பது. நாட்கள் எடுக்கும். எனக்கு அது ஒன்றும் காதில் ஏறவில்லை. கான்சர் என்ற சொல் மட்டும் ஏறியது. மனோ என் பெருவிரலை மட்டும் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையில் சேலைன் ஊசி இருந்தது. இந்தக் கையில் பிடிப்பதற்கு வேறு இடமும் இல்லை, எல்லாவற்றிலும் குத்தியிருந்தார்கள்.

அந்தக் காத்திருந்த நாட்களில்தான் சாமுவேல் அண்ணை வரத் தொடங்கினார்.

சாமுவேல் அண்ணை எங்கள் சபையின் மூப்பர். ஓய்வுபெற்ற தபால் அதிபர், மனைவியை இழந்தவர். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வருவார். பார்வையாளர் நேரம் தொடங்க முதலே வாசலில் நிற்பார். மணியடித்து எல்லாரையும் அனுப்பும்வரை போகமாட்டார். சீனி வருத்தக்காரனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் கொண்டுவந்தவர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.

"தம்பி எட்வின், தகப்பன் தான் நேசிக்கிற பிள்ளையைத்தான் சிட்சிப்பார். அந்நியன்ர பிள்ளையை ஆரும் அடிக்கிறேல்லையே? நீர் சந்தோஷப்பட வேணும்."

"அண்ணை, என்ர பாவம் மன்னிக்கப்பட்டதோ இல்லையோ?"

"ஓம், மன்னிக்கப்பட்டதுதான்."

"பிறகு என்னத்துக்கு அடி?"

"அதைத்தான் நீர் ஆராய்ஞ்சு பார்க்க வேணும். உள்ளுக்குள்ள ஏதோ ஒண்டு கிடக்கு. அதைக் கண்டுபிடிச்சு அறிக்கை செய்திட்டீரெண்டால், அவர் கையை எடுத்திடுவார்."

மூன்று நாள் நான் ஆராய்ந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. பயந்த மனிதனுக்கு எந்தத் திறப்பைக் கொடுத்தாலும் கதவுப் பூட்டில் போட்டுப் பார்ப்பான். சின்ன வயதிலிருந்து செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, இதற்காகவா, அதற்காகவா என்று கூரை முகட்டைப் பார்த்துக் கேட்டேன். எல்லாம் எப்போதோ அறிக்கை செய்தவை. வழக்குத் தள்ளுபடியான ஒருவனைத் திரும்பவும் பிடித்து விளக்கமறியலில் வைத்து, "என்ன குற்றமென்று நீயே சொல்லு" என்று கேட்கிற பொலிஸ் எங்காவது உண்டா? காய்ச்சல் ஏறியதும் இந்த வழக்கே எனக்குக் கனவாகவும் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எழுப்பித் தண்ணீர் தந்தார்.

அவர் கிண்ணியா ஹனீபா நானா. நெல் வியாபாரி, காலில் ஆறாத புண். சாமுவேல் அண்ணையின் பிரசங்கம் முழுவதையும் அவரும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். ஒரு நாள் அண்ணை போன பிறகு மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, உங்கட ஆள் நல்ல மனிசன். கதைதான் கொஞ்சம் நீளம்."

இரத்தத்தில் கிருமி வளர்ந்துவிட்டது. டொக்டர் அன்று கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

"கான்சர் இல்ல ஐயா! மெலியோய்டோசிஸ்."

நானும் மனோவும் அந்தப் பெயரை ஒரு விருந்தாளியின் பெயர்போலத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தோம். இது ஈரமண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழ்கிற ஒரு கிருமி. மழைக்குப் பிறகு மேலே வரும். காலில் உள்ள கீறலால் உள்ளே போகும், சிலவேளை மூச்சாலும் போகும். நல்ல உடம்பு அதைத் துரத்திவிடும். சீனி வருத்தக்காரனின் உடம்பில் குடும்பம் நடத்தும். ஈரலில், நுரையீரலில், எங்கே வேண்டுமென்றாலும் சீழ் கட்டும். டிபி போலவும் தெரியும், கான்சர் போலவும் தெரியும். சரியான மருந்து உடனே ஏற்றாவிட்டால் ஆளைக் கொண்டுபோய்விடும்.

"மண்ணில வேலை செய்தீங்களா?" என்று கேட்டார்.

"சம்பூரில பற்றை வெட்டினனான்."

"காலில சப்பாத்து போட்டீங்களா?"

"இல்லை."

"அவ்வளவுதான்" என்றார் டொக்டர்.

அந்த "அவ்வளவுதான்" எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அன்று பின்னேரம் சாமுவேல் அண்ணை வாழைப்பழத்தோடு வந்ததும் நானே முந்திக்கொண்டேன்.

"அண்ணை, கண்டுபிடிச்சாச்சு. சப்பாத்துப் போடாத பாவம்."

அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கிருமியையும் ஆர் அனுப்பினது தம்பி?" என்றார். நான் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

பிறகு சீழ் எடுத்தார்கள். விலாவுக்கிடையில் விறைக்க ஊசி போட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியொன்றை ஈரலுக்குள் விட்டு, மெல்லிய குழாய் ஒன்றை வைத்துவிட்டார்கள். குழாயின் மறு முனையில் ஒரு பை. அதில் வந்து விழுந்ததைப் பார்த்தால் கொஞ்ச நாளைக்கு ஒருவரும் பருப்புக் கறி சாப்பிடமாட்டார்கள். நரம்பு வழியாக மருந்து இரவும் பகலும் ஏறியது. அது வாரக்கணக்கில் போகும், அதன் பிறகு மாதக்கணக்கில் குளிசை என்றார்கள். சில பரிசோதனைகளை வெளியே செய்யவேண்டி வந்தபோது மனோவின் தமக்கை கேட்காமலே காசு தந்து உதவினார். மகள் பிரியா கொழும்பில் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து, கட்டில் தலைமாட்டில் வாளியை வைத்து என் தலையைக் கழுவிவிட்டு, அன்றைக்கே திரும்பிப் போவாள். குழந்தையாக இருந்தபோது அவளுக்கு நான் தலை கழுவியதாக எனக்கு ஞாபகமே இல்லை. கண்ணில் சவர்க்காரம் போகாமல் நெற்றியில் கையை வைத்து மறைப்பாள்.

மனோ வேறு மாதிரி. சீனி போட்ட தேத்தண்ணி ஒரு மிடறு கேட்டேன், தரவில்லை. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும் என்று டொக்டர் சொன்னதுதான் தாமதம், குழாயையும் பையையும் கையில் தூக்கிக்கொண்டு என்னை நடைபாதையில் நடக்க வைத்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஈரல் கொழுவி இழுக்கும்.

"என்னில உமக்கு என்ன பழி?" என்று ஒரு நாள் எல்லாரும் பார்க்கக் கத்தினேன்.

"பழியெண்டால் நான் வீட்டை போய்ப் படுத்திருப்பன்" என்றாள். "நடவுங்கோ."

எங்கள் போதகர் இளம் ஆள். வேலை அதிகம், இரண்டு தரம்தான் வந்தார். இரண்டாம் தரம் வந்தபோது என் விளக்கமறியல் கதையை அவரிடம் எரிச்சலோடு சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, வழக்கு முடிஞ்சுது. நீதவான் தீர்ப்பைச் சொல்லிப்போட்டுத் தன்ர வீட்டை போயிடுவார். தகப்பன் பிள்ளையோட சேர்ந்து வீட்டை வாறார். சிட்சையெண்டு சொல்லுறது வழக்கில்லை, வளர்ப்பு."

"வளர்ப்புக்கு ஈரலில சீழ் வைக்க வேணுமோ?"

அவர் என் சீழ்ப் பையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது அண்ணை" என்றார்.

அத்தனை நாளில் வந்த விளக்கங்களில் என் உடம்புக்குச் சுகமாக இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, மனோவின் நடைத் தண்டனையில் நாங்கள் சிறுவர் வாட்டு வரைக்கும் போய்விட்டோம். வாசலில் நிலத்தில் ரெஜினா இருந்தாள். எங்கள் சபைப் பிள்ளை. புருஷன் மத்திய கிழக்கில். ஒரே மகள் அனுவுக்கு ஐந்து வயது, வலிப்பு வருத்தம். குளிசையோடு நன்றாகத்தான் இருந்த குழந்தை. மனோ பக்கத்தில் குந்தி, "என்ன பிள்ளை, என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

விடாமல் வலிப்பு வந்ததாம். ஓட்டோவில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வரும் வழியில் முகம் நீலம் பாய்ந்துவிட்டதாம். இப்போது நின்றுவிட்டது, ஆனால் பிள்ளை இன்னும் கண் திறக்கவில்லை.

"குளிசை ஒழுங்காக் குடுத்தனியே?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நிப்பாட்டினனான் அண்ணை. சாமுவேல் அண்ணை சொன்னவர், கடவுள் ஒரு காரணத்தோடதான் கைவைச்சிருக்கிறார், அதைக் கண்டுபிடிச்சால் எடுத்திடுவார் எண்டு. நான் உபவாசம் இருந்து எல்லாத்தையும் அறிக்கை செய்தனான். பிறகும் குளிசை குடுத்தால், அவரை நம்பேல்லை எண்டுதானே அர்த்தம்?"

மனோ அவளைக் கட்டிப்பிடித்தாள். மூன்று நாள் நான் போட்டுப் பார்த்த அதே திறப்பு இவள் கைக்கும் போயிருக்கிறது. என் கட்டிலில் அது ஒரு வயது போனவனின் நித்திரையை மட்டும்தான் கெடுத்தது.

அன்று பின்னேரம் சாமுவேல் அண்ணை வந்ததும், பழச் சீப்பை வைக்க முதலே அனுவின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். மெல்லச் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். வாட்டு முழுக்கக் கேட்டது. குழாய் வைத்த இடம் பிய்ந்துவிடும்போல நொந்தது. நர்ஸ் மிஸ் ஓடி வந்து, "ஐயா, கத்தாதீங்க, படுங்க" என்றார்.

அண்ணை பழச் சீப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"நான் மருந்தை நிப்பாட்டச் சொல்லேல்லை, எட்வின். கர்த்தருக்குத் தெரியும், சொல்லேல்லை."

"சொல்லேல்லை அண்ணை. மிச்சம் எல்லாம் சொன்னனீங்கள்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு, யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல் சொன்னார்:

"என்ர மனிசி படுக்கையில கிடக்கேக்க நான் இப்பிடித்தான் தேடினனான். ஒரு காரணம் இருக்கு எண்டு நினைச்சால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கினது."

ஹனீபா நானா எழும்பி, நொண்டி நொண்டிப் போய், ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அண்ணை குடித்துவிட்டு எழும்பி சிறுவர் வாட்டுப் பக்கம் போனார். மணியடித்த பிறகும் திரும்பி வரவில்லை.

நடந்ததை மனோதான் சொன்னாள். அவள் அங்கே இருந்தாள். அனு கண் திறந்து, "பசிக்குது" என்று சொல்லிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அண்ணை வாசலில் நின்று, உள்ளே வராமல், "பிள்ளை, என்னை மன்னிக்க வேணும்" என்றாராம். ரெஜினா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"மன்னிச்சிட்டன் அண்ணை. அதை விடுங்கோ. ஆனா இனி இவவை கிளினிக்குக்கு நீங்கள்தான் கூட்டிக்கொண்டு வரவேணும். குளிசை குடுத்திட்டனோ எண்டு ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கேட்கவும் வேணும்."

"நான் செய்யிறன்" என்றாராம்.

"கோவத்தில சொல்லேல்லை அண்ணை" என்றாளாம் ரெஜினா. "நீங்கள் எங்களை விட்டுப் போகாமல் இருக்கத்தான்."

மனோ இதைச் சொல்லிவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கத் தொடங்கினாள். நான் சாப்பிடாமல் இருந்தேன். வாரக்கணக்காக ஒருவராலும் எனக்கு விளங்கப்படுத்த முடியாததை ரெஜினா பிள்ளையின் கட்டிலடியில் இருந்து செய்து காட்டிவிட்டாள். மன்னிப்பு ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அதில் பாக்கி எதுவும் இல்லை. அவர் கிளினிக்குக்குப் போவதற்குக் கூலியாக அவள் மன்னிப்பைக் கொடுக்கவில்லை. மன்னித்ததனால்தான் அவரை வேலைக்கு எடுத்தாள். மன்னிக்காதவள் கதவைச் சாத்தியிருப்பாள், சபை மாறியிருப்பாள். அண்ணையை அப்படியே விட்டிருந்தால் நாளைக்கு வேறொரு கட்டிலடியில் இதே பிரசங்கத்தோடு நின்றிருப்பார். பாவம் தீர்ந்த பிறகும் மனிதன் திருந்த வேண்டியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து செய்யச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். கடவுள் பிள்ளைகளைச் சிட்சிக்கிறார் என்றால் அது இப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன். சம்பூர்ச் சேற்றில் கிருமியை ஒளித்து வைத்துக் காத்திருக்கிறவராக அவரை நான் நம்பவில்லை. அனுவின் மூளைக்குள் கைவைத்து, தாயின் பாவத்தைக் கேட்கிறவராகவும் நம்பவில்லை. அப்படியானால் என் வருத்தம் ஏன் என்று கேட்டால், போதகர் சொன்ன பதில்தான் என்னிடமும் இருக்கிறது.

குழாயைக் கழற்றினார்கள். காய்ச்சல் திரும்பவில்லை. ஸ்கேனில் குழிகள் சுருங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு விடும்போது டொக்டர் ஒரு கை கொள்ளாத அளவு குளிசைப் பைகளைத் தந்து, "ஒரு நாள் விட்டாலும் இது திரும்பி வரும் ஐயா" என்றார். இதை எனக்குச் சொல்லத் தேவையில்லை, தனக்குச் சொன்னால் போதும் என்பதுபோல மனோ பைகளை வாங்கிக்கொண்டாள்.

போன கிழமை எனக்குக் கிளினிக். வாங்கில் இடம் தேடி வரும்போது, கூடத்தின் மறு கரையில் சிறுவர் கிளினிக் வரிசையில் சாமுவேல் அண்ணை இருப்பதைக் கண்டேன். மடியில் அனு. அவருடைய கண்ணாடி அவளுடைய கைக்குள். நான் இத்தனை நாளாக அவருக்குச் சொல்லவென்று நிறையச் சேர்த்து வைத்திருந்தேன்: வழக்கு, வளர்ப்பு, ரெஜினா சொன்னது, அதில் எனக்கு விளங்கினது எல்லாம். அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணை, நான் யோசிச்சுப் பார்த்தன்..." என்று தொடங்கினேன்.

அவர் வாயில் விரலை வைத்தார்.

"பிறகு கதைப்பம், தம்பி. பிள்ளை இப்பதான் கண்ணயர்ந்தது."